பேர் எழுதாத பொட்டலம்: சாட்ஸ்வொர்த் டாக்டர்களும் மாதாந்திர மாத்திரைச் செலவும்

(சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் எல்லாம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் மக்கள் வாழும் ஊர்கள். எழுதிக் கேட்கிறவர்களை ஊர் பேரால்தான் கூப்பிடுகிறேன்.)

ஃபீனிக்ஸ் வாசகர், செப்டம்பர் 1

எங்கள் பக்கத்து டாக்டர் பார்க்கிற காசிலேயே மருந்தும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். 400 ரேண்டுக்கு ஊசி, மாத்திரை, சிரப் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஸ்கிரிப்ட் (மருந்துச் சீட்டு) எழுதி வாங்கிக் கெமிஸ்டுக்கு, அதாவது மருந்துக்கடைக்குப் போனால் டாக்டருக்குத் தனி, மருந்துக்குத் தனி. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு போன்ற திட்டம்) இல்லாத எங்களுக்கு இதுதான் மலிவு. இந்த டாக்டர்களைக் குறை சொல்கிறவர்கள் எல்லாரும் காசுள்ளவர்கள் என்பது என் கருத்து. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 2

இந்தப் பக்கத்தை எழுதுகிற நான் ‘இல்லை’ என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டிலும் மெடிக்கல் எய்ட் கிடையாது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று எப்போதாவது போகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும், செலவும் முன்கூட்டியே தெரியும். ஆனால் பிரஷருக்கும் சுகருக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர் ஒவ்வொரு மாதமும் அந்த 400 ரேண்டைக் கொடுத்துப் பொட்டலம் வாங்குவது மலிவே இல்லை. என் மாமியார் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் டாக்டர் பிரஷர் பார்ப்பார், ‘கொஞ்சம் கூட இருக்கு’ என்பார், முன்னால் இருக்கும் பெண் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் மாத்திரையை எண்ணிப் போட்டுக் கொடுப்பாள். பையின் மேல் ‘காலை 1’, ‘இரவு 1’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. மாத்திரைக்கு என்ன பேர், எத்தனை மில்லிகிராம், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாவற்றுக்கும் நிறம்தான் பேர்.

செப்டம்பர் 2, இரவு

எவ்வளவு மிச்சம் என்று கேட்டிருக்கிறார்கள். மாமியார் இப்போது பிரஷருக்கும் சுகருக்கும் சாப்பிடுகிற மூன்று மாத்திரைகளும் ஜெனரிக்காக (பெரிய பிராண்ட் அல்லாமல் வேறு கம்பெனி செய்கிற அதே மருந்தாக) வாங்கினால் எங்கள் கெமிஸ்டில் மாதத்துக்கு 200 ரேண்டைத் தொடுவதில்லை. பெரிய சங்கிலிக் கடை அல்ல, எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிற சின்னக் கடைதான். டாக்டரிடம் ஆறு மாதத்துக்கான ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டால் அதை வைத்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். பிரஷர், சுகர் மாத்திரைகளுக்குச் சட்டம் இதை அனுமதிக்கிறது. நடுவில் உடம்பு சரியில்லை என்றால் மட்டும் டாக்டரைப் பார்த்தால் போதும்.

செப்டம்பர் 4

காசு மட்டும்தானா பிரச்சினை என்று வெருலம் அண்ணா கேட்கிறார். இல்லை அண்ணா. காசை விடப் பெரிய விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மாமியாருக்கு வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரி படுத்தால் ஒரே இருமல். டாக்டர் முதலில் சிரப் கொடுத்தார். கேட்கவில்லை. அடுத்த முறை ஆன்டிபயாட்டிக். அப்புறம் இன்னொரு ஆன்டிபயாட்டிக்கோடு ‘நெஞ்சு திறக்க’ என்று குட்டி வெள்ளை மாத்திரை சில. அதைச் சாப்பிட்டதும் ஆள் சுறுசுறுப்பாகிவிட்டார், இருமலும் கொஞ்சம் அடங்கியது, ஆனால் சுகர் எக்கச்சக்கமாக ஏறியது. உடனே சுகர் மாத்திரையைக் கூட்டினார்கள்.

இதற்கு நடுவே கால் வீங்கியது. வீக்கத்துக்கு ‘தண்ணீர் மாத்திரை’, அதாவது சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை. கொஞ்ச நாளில் கால் கட்டைவிரல் சிவந்து, தொட்டாலே அலறினார். அது கவுட், யூரிக் அமிலத்தால் வருகிற மூட்டுவலி. கவுட் வலிக்கு டைகுளோஃபெனாக் ஊசி.

ஒவ்வொரு முறையும் கட்டணம். ஒவ்வொரு முறையும் பேரில்லாத பொட்டலம்.

கடைசியில் என் கணவரின் அக்கா எல்லாப் பைகளையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கெமிஸ்ட் அம்மாவிடம் எடுத்துப் போனார். மாத்திரை மேல் பொறித்திருக்கிற எழுத்தையும் எண்ணையும் வைத்து அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். பிரஷருக்கு எனலாப்ரில். ஆம்லோடிபின், அதுவும் பிரஷருக்கு. ஹைட்ரோகுளோரோதயஸைடு, அதுதான் தண்ணீர் மாத்திரை. சுகருக்கு மெட்ஃபார்மின். கிளிக்ளஸைடு, அதுவும் சுகருக்கு. தீராமல் மிஞ்சிக் கிடந்த குட்டி வெள்ளை மாத்திரை பிரெட்னிசோன்.

எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்பது மருந்துக்கடையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த மாத்திரையை நிறுத்தினால் இருமல் சில வாரங்களில் போய்விடும், ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாது. ஆம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கத்துக்குத் தண்ணீர் மாத்திரை அவ்வளவாக உதவாது. தண்ணீர் மாத்திரை ரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றிக் கவுட்டைக் கிளப்பும். பிரெட்னிசோன் சுகரை ஏற்றும். அதாவது, முதலில் கொடுத்த மருந்துகளின் பக்கவிளைவுகளுக்கு எல்லாம் புதுசு புதுசாக மருந்து கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

மாமியாருக்குப் புதிதாக வந்த வியாதி ஒன்றுமே இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

செப்டம்பர் 5

யாரும் இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனலாப்ரில் நல்ல மருந்து, சுகர்காரர்களின் கிட்னியைக் காப்பாற்றுகிற மருந்து. பெரும்பாலானவர்களுக்கு இருமல் வராது. வந்தால் லோசார்டான் என்று மாற்று இருக்கிறது. மாமியாருக்கு அதைத்தான் மாற்றினார்கள், இருமல் போய்விட்டது. மாற்றுவது டாக்டர் வேலை. பேர் தெரிந்து வைத்திருந்து ‘இதனால் இருக்குமா?’ என்று கேட்பதுதான் நம் வேலை.

இன்னொன்று முக்கியம். எனலாப்ரில் அல்லது லோசார்டான், கூடவே தண்ணீர் மாத்திரை, இந்த இரண்டும் சாப்பிடுகிறவருக்கு மூட்டுவலி என்று டைகுளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து கிட்னியைப் பதம் பார்க்கும். வயசானவர்களுக்கு ஆபத்து அதிகம். ஐபுப்ரோஃபென் சின்ன பாக்கெட்டாகச் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. உங்கள் அம்மா கைப்பையில் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

செப்டம்பர் 8

வெருலம் அண்ணா டாக்டர்கள் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். மாத்திரை விற்று அவர்கள் பணக்காரர் ஆவதில்லை, சட்டம் விடாது என்கிறார். பாதி சரி, அந்தப் பாதியை நானும் சொல்லவேண்டும்.

2004 முதல் இந்த நாட்டில் ஒரு மருந்துக்குக் கம்பெனி வைக்கிற விலை ஒன்றுதான். சிங்கிள் எக்சிட் பிரைஸ் என்பார்கள். பெரிய கடை ஆயிரம் பெட்டி வாங்கினாலும் சின்னக் கடை ஒரு பெட்டி வாங்கினாலும் அதே விலை. வாட் (மதிப்புக் கூட்டு வரி) அதற்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் கெமிஸ்ட் சேர்க்கக்கூடியது டிஸ்பென்சிங் கட்டணம் (மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கான கூலி) மட்டும். அதற்கும் உச்சவரம்பு உண்டு, மருந்து கொடுக்கிற டாக்டருக்கும் உண்டு. கம்பெனிக்காரர்கள் டாக்டருக்கு இலவச சாம்பிள் கொடுப்பது, ‘பத்து வாங்கினால் இரண்டு இலவசம்’ என்று போனஸ் கொடுப்பது இரண்டையும் சட்டம் தடுத்துவிட்டது. கெமிஸ்டுகள் அந்தக் கட்டண வரம்பை எதிர்த்து வழக்குப் போட்டு அது அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2005 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: விலைக் கட்டுப்பாடு நிற்கும், ஆனால் அரசாங்கம் வைத்த 26 சதவீதம், அதிகபட்சம் 26 ரேண்ட் என்ற கட்டணம் பொருத்தமில்லை, புதிதாக நிர்ணயி என்றார்கள். ஆகவே ஒரே கம்பெனியின் ஒரே மாத்திரை இரண்டு கடையில் இரண்டு விலை என்றால் வித்தியாசம் அந்தக் கட்டணத்தில்தான் இருக்கிறது. கேட்டால் சிலர் குறைப்பார்கள். மேலே போகத்தான் வரம்பு, கீழே இறங்கத் தடையில்லை.

இது எல்லாம் உண்மை. ஆனால் மொத்தமாக 400 என்று வாங்குகிற டாக்டர் எது பார்த்த காசு, எது மருந்துக் காசு என்று பிரித்துக் காட்டாவிட்டால் அந்த வரம்பு இருந்தும் நமக்கு என்ன லாபம்?

செப்டம்பர் 9

மொத்தக் கட்டணம் என்றால் அது டாக்டரையும் ஒரு பக்கமாகத் தள்ளும். கையில் எது மலிவாக ஸ்டாக் இருக்கிறதோ அதைத்தான் கொடுக்கத் தோன்றும். ஏழு நாள் தேவைப்படுகிற இடத்தில் மூன்று நாளைக்கு எண்ணிப்போடத் தோன்றும். இன்னொரு பக்கம், வெறும் கையோடு அனுப்பினால் ஆள் அடுத்த தெரு டாக்டருக்குப் போய்விடுவார். ஆகவே வைரஸ் சளிக்கும் அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஒரு பை. இதில் நம் ஆட்களின் பங்கும் இருக்கிறது. ‘அவர் ஊசிகூடப் போடல, என்ன டாக்டர்’ என்று சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். நல்ல டாக்டர் ஒருவர் ‘இதற்கு மருந்து வேண்டாம், நிறையத் தண்ணீர் குடி, ஓய்வெடு’ என்று சொன்னால் அந்த அறிவுரைக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. அந்த மனசு மாறாமல் டாக்டர் மட்டும் மாறமாட்டார்.

செப்டம்பர் 11

டோங்காட் அக்கா ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ‘சத்து ஊசி’ எல்லாமே வீணா என்று. வீண் என்று நான் சொல்லவில்லை அக்கா. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், அசதி எல்லாம் அதனாலும் வரும், சுகராலும் வரும். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதாகக் குறையும். குறைந்திருந்தால் பி12 ஊசி அவசியமான மருந்து. ஆனால் ரத்தம் பார்த்துவிட்டுப் போடவேண்டும். மாமியாருக்கு அந்த ஊசி அடிக்கடி போட்டார்கள், ரத்தம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கிட்னிக்கும் பார்க்கவில்லை. மெட்ஃபார்மினின் அளவையே கிட்னி எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செப்டம்பர் 11, சற்றுக் கழித்து

பேர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்கிறீர்கள். கேட்பது உரிமை. டாக்டர் மருந்து கொடுக்கவேண்டுமானால் அதற்குத் தனிப் பயிற்சி முடித்து, சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநரிடம் தனி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் முறையையே எதிர்த்து டாக்டர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள், 2005இல் நீதிமன்றம் லைசென்ஸ் வேண்டும் என்றுதான் சொன்னது. கொடுக்கிற மருந்தின் மேல் மருந்தின் பேர், நோயாளி பேர், எப்படிச் சாப்பிடுவது, கொடுத்த தேதி, கொடுத்தவர் யார் என்பதெல்லாம் இருக்கவேண்டும். ஜெனரிக் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய கடமை கெமிஸ்டுக்கு மட்டும் அல்ல, லைசென்ஸ் வாங்கிய டாக்டருக்கும் உண்டு. 2003இன் தேசிய சுகாதாரச் சட்டமும் என்ன சிகிச்சை, என்ன வழிகள், என்ன செலவு என்பதை நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்கிறது.

நான் கேட்டபோது பயமாகத்தான் இருந்தது. ‘டாக்டர், இந்தப் பையில் பேரை எழுதிக் கொடுங்க, அம்மா ஆஸ்பத்திரி போனா அங்கே கேட்பாங்க’ என்றேன். எழுதினார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 15

மெடிக்கல் எய்ட் இருக்கிறவர்களுக்கு, ஏனென்றால் இப்போது அவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

‘எனக்கு ஹாஸ்பிட்டல் பிளான்தான் (ஆஸ்பத்திரிச் செலவுக்கான திட்டம்), மாத்திரைக்குக் கையிலிருந்துதான் கொடுக்கிறேன்’ என்று சொல்பவர்கள் உடனே இதைக் கவனியுங்கள். நீண்டநாள் நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிரஷர், சுகர், ஆஸ்துமா, கொழுப்பு, தைராய்டு குறைவு எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு எந்தத் திட்டமாக இருந்தாலும், மலிவான ஹாஸ்பிட்டல் பிளானாக இருந்தாலும், ஸ்கீம், அதாவது மெடிக்கல் எய்ட் நிறுவனம், மருந்துக் காசைக் கொடுத்தே ஆகவேண்டும். உங்கள் சேவிங்ஸிலிருந்து (திட்டத்துக்குள் உங்கள் பேரில் இருக்கிற சேமிப்பு) எடுக்கவும் கூடாது. ஆனால் தானாக நடக்காது. டாக்டர் நோய்க் குறியீட்டோடு ஃபாரம் நிரப்பி அனுப்பவேண்டும். அதுவரை உங்கள் சேவிங்ஸ்தான் கரையும். ஃபாரம் நிரப்ப நேரமில்லை என்று சொல்லும் டாக்டரிடம் கறாராக இருங்கள்.

இங்கேயும் பேர்தான் விஷயம். ஸ்கீமின் பட்டியலில் இல்லாத பிராண்டை எழுதினால் வித்தியாசத்தை நீங்கள் கட்டவேண்டும். என் சித்தப்பா கொழுப்புக்கு லிப்பிட்டார் என்கிற பிராண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து மாதாமாதம் மேல்காசு கட்டினார். அதே அடோர்வாஸ்டாட்டின் ஜெனரிக்கில் ஸ்கீமே முழுசாகக் கொடுக்கும். ஸ்கிரிப்டில் டாக்டர் கைப்பட ‘மாற்றக்கூடாது’ என்று எழுதியிருந்தால் கெமிஸ்ட் மாற்ற முடியாது, அதையும் பாருங்கள்.

செப்டம்பர் 19

புரட்டாசி பிறந்துவிட்டது, சனிக்கிழமை விரதம் ஆரம்பம். தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் சொல்லியே ஆகவேண்டும். கிளிக்ளஸைடு, கிளிமெபிரைடு, இன்சுலின் இந்தச் சுகர் மருந்துகளை வயிற்றுக்கு ஒன்றும் சாப்பிடாமல் எடுத்தால் சுகர் தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம், சிலர் மயங்கியே விழுவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் குறைவு. இரண்டில் எது சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் ‘சுகர் மாத்திரை’ என்று மட்டும் தெரிந்து விரதம் இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். காவடி விரதத்துக்கும் இதேதான். விரதத்துக்கு முன்னால் டாக்டரிடமோ கிளினிக்கிலோ கேட்டு, எந்த மாத்திரையை அன்று குறைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

செப்டம்பர் 23

ஃபீனிக்ஸ்காரர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: கெமிஸ்டுக்கும் காசு இல்லை என்றால்?

அரசாங்கக் கிளினிக். 1996 முதல் அங்கே காசு வாங்குவதில்லை. வரிசை நீளம், உட்கார இடமில்லை, சில நாள் சில மாத்திரை இருக்காது, இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் நின்றவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயம் உண்டு: நாடு முழுக்க ஒரே சிகிச்சை வழிகாட்டி, ஒரே அத்தியாவசிய மருந்துப் பட்டியல். பிரஷருக்கு முதலில் எது, போதாவிட்டால் அடுத்து எது, இருமல் வந்தால் எதற்கு மாற்றுவது என்று அதில் எழுதியே இருக்கிறது. யார் கையில் மாட்டினாலும் படிகள் ஒன்றுதான். அட்டையில் மருந்தின் பேரும் எழுதுகிறார்கள்.

பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால் மாதாமாதம் கிளினிக் வரிசையில் நிற்கவும் வேண்டாம். 2014இல் தொடங்கிய திட்டத்தில் மருந்தைக் கட்டி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தனியார் கெமிஸ்டுக்கோ வேறு இடத்துக்கோ அனுப்பிவைப்பார்கள். டாப்லாப் மெட்ஸ் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அதுதான். கிளினிக்கில் நர்ஸிடம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

செப்டம்பர் 24

நேற்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். நம் தெரு டாக்டர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கும் மனசில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் நம் மக்களைத் தூக்கி இந்த மலைச்சரிவுகளில் போட்ட காலத்தில் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிகூட இல்லை, அது 1969இல்தான் வந்தது. அப்போது காசை அப்புறம் கொடு என்று சொல்லி மருந்து கொடுத்தவர்கள் இந்த டாக்டர்கள்தான். இன்றும் சனிக்கிழமை சாயந்திரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் கதவுதான் திறந்திருக்கும். கையில் மருந்து கொடுக்கிற முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. பேரை எழுது, கட்டணத்தைப் பிரித்துக் காட்டு, நீண்டநாள் நோயாளிக்கு ஸ்கிரிப்ட் கொடு. இந்த மூன்றைத்தான் கேட்கிறேன்.

செப்டம்பர் 30

விலை எங்கே பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுகாதாரத் துறையின் மெடிசின் பிரைஸ் ரெஜிஸ்ட்ரியில் எல்லா மருந்தின் சிங்கிள் எக்சிட் பிரைஸும் போடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அமைச்சர் அனுமதிக்கிற அளவுக்கு விலை ஏறும், அதனால் பழைய விலையை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பிராண்ட் பேரைத் தேடாமல் உள்ளிருக்கும் மருந்தின் பேரைத் தேடுங்கள். ஒரே ஆம்லோடிபின் எத்தனை கம்பெனியில், எத்தனை விலையில் இருக்கிறது என்று வரிசையாகத் தெரியும்.

அக்டோபர் 3

டோங்காட் அக்காவின் அம்மாவுக்குக் கிளினிக்கில் இந்த மாதம் வேறு நிற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது வீரியம் குறைந்ததா என்று கேட்கிறார்.

அக்கா, அரசாங்கம் டெண்டரில் வாங்குகிறது. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், நிறமும் வடிவமும் மாறும். உள்ளே இருக்கிற மருந்தும் மில்லிகிராமும் அதே என்றால் வேலையும் அதேதான். ஜெனரிக் விற்க அனுமதி வாங்கவே, அது மூல மருந்துபோல உடம்பில் சேருகிறது என்று மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற அமைப்பான சாப்ராவிடம் நிரூபிக்கவேண்டும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா பழைய ரோஸ் மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று அதையும் சாப்பிட்டு, புதுசு வேறு மருந்து என்று நினைத்து இந்த வெள்ளையையும் சாப்பிட்டால் டோஸ் இரட்டிப்பு. மாமியாருக்கு இது நடந்து, பிரஷர் இறங்கிக் குளியலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பேரையும் மில்லிகிராமையும் படியுங்கள். ஒன்றாக இருந்தால் பழைய பெட்டியை முடித்துவிட்டுப் புதியதைத் திறக்கட்டும். பேரோ மில்லிகிராமோ வேறாக இருந்தால் அம்மாவிடம் எதையும் கொடுக்காமல், இரண்டு பெட்டியோடும் நாளைக் காலை கிளினிக்குக்கோ கெமிஸ்டுக்கோ போய்க் கேளுங்கள்.